கதவு திறக்கும் கணப்பு

இங்கிலாந்தில் டர்ஹம் பக்கத்துச் சுரங்க ஊர்களில் நிலக்கரி வீடு தேடி வரும். சுரங்கத்தில் உழைத்தவனுக்கு ஓய்வுக்குப் பிறகும் அது உரிமை. லாரிக்காரன் பின்சந்தில் கொட்டிவிட்டுப் போவான். அள்ளிக் கொட்டகையில் போட்டுக்கொள்வது வீட்டுக்காரன் பாடு. சுரங்கம் மூடிப் பல காலம் ஆன பின்னும் கத்பர்ட் ரெய்ன் அப்படித்தான் அள்ளிக்கொண்டிருந்தார். எண்பதை நெருங்கிய வயதில், மனைவி மேவிஸின் பெயரே சில நாள் நினைவுக்கு வராத நிலையிலும், கூடத்தில் குளிர்காயும் கணப்பில் தீ மூட்டுவதை மட்டும் அவர் கை மறக்கவில்லை.

மறந்திருந்தால் தேவலை என்று மேவிஸ் நினைத்தாள். எரிகிற தீயின் மேலேயே இன்னொரு முறை மூட்டுவார். கணப்பின் கதவைத் திறந்து போட்டுவிட்டுக் கரி எடுக்கப் போனவர், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் சந்தில் நிற்பார். நவம்பரில் ஒரு கங்கு உருண்டு கம்பளத்தில் விழுந்தது. தேநீருக்கு வைத்திருந்த தண்ணீரை ஊற்றித்தான் மேவிஸ் அதை அணைத்தாள்.

மகள் லோர்னா வந்து கருகிய இடத்தைப் பார்த்தாள்.

"அம்மா, ஒண்ணு இந்தக் கரி போகணும். இல்ல அப்பா போகணும்."

அப்பா போவதென்றால் முதியோர் இல்லத்துக்கு.

"உன் வீட்டுல இருக்கற மாதிரி வீட்டைச் சூடாக்கச் சுவத்துல வெந்நீர் ஓடற தகடு மாட்டிக்கலாம்னு சொல்ற. போன கிறிஸ்துமஸுக்கு என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா?"

லோர்னா மறக்கவில்லை. அவள் வீட்டுக் கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இங்க தீயே இல்லையே, யாரும் குடியில்ல போல" என்று வீட்டுச் செருப்போடு வெளியே நடந்துவிட்டார் கத்பர்ட். நெடுஞ்சாலையிலிருந்து போலீஸ்காரர்கள்தான் கூட்டிவந்தார்கள்.

கரியும் கூடாது, தீயும் வேண்டும். கேஸில் எரிகிற, பழைய பாணிக் கணப்பு ஒன்று வாங்குவதென்று முடிவானது.

கடைக்காரர் முதலில் அகலமான ஒன்றைக் காட்டினார். "முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. சீல் வெச்சது, யாரும் திறக்க முடியாது. வயசானவங்க வீட்டுக்கு இதுதான் தோது."

"டிவி மாதிரி இருக்கு. எங்க கிழவன் சேனலை மாத்தச் சொல்லுவான்," என்றாள் மேவிஸ்.

மூலையில் இருந்ததை அவளே கண்டுபிடித்தாள். கறுப்பு வார்ப்பிரும்பு, வளைந்த நான்கு கால்கள், உள்ளே பீங்கானில் செய்த கரித்துண்டுகள். குனிந்து கதவின் கொண்டியைத் தொட்டுப் பார்த்தாள். வலது பக்கம் இருந்தது. தூக்கி இழுத்தால் திறந்தது, வீட்டில் இருப்பது போலவே.

"அது அழகுக்குத்தாங்க. திறக்கற வேலையே இருக்காது," என்றார் கடைக்காரர். "வீட்டுல சின்னக் குழந்தைங்க இருக்காங்களா?"

"இல்ல."

லோர்னா கூரையைப் பார்த்தாள். பிறகு அம்மாவின் காதருகே வந்தாள். "திறக்காததை வாங்கும்மா."

"திறக்கலேன்னா உங்கப்பா சம்மட்டிய எடுப்பாரு."

அது உண்மைதான். லோர்னா பணம் எடுக்கப் பையைத் திறந்தாள்.

பொருத்த வந்தவர் கிளைவ். அவருடைய அப்பாவும் கத்பர்ட்டும் ஒரே சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள். புகைபோக்கியைத் துடைத்து, உள்ளே எஃகுக் குழாய் இறக்கி, நச்சுக்காற்று கசிந்தால் அலறும் கருவியைச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார்.

கத்பர்ட் அதன் எதிரே உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். "நல்லா பத்த வெச்சிருக்க, புள்ள."

கல்யாணமான நாளிலிருந்து அவள் மூட்டிய தீயை அவர் பாராட்டியதே இல்லை. மேவிஸ் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டாள். அன்று முதல் சில வாரம் வீடு நிம்மதியாக இருந்தது.

ஆனால் சுரங்கக்காரன் கண் லேசில் ஏமாறாது.

"சாம்பல் எங்க?"

"அள்ளிட்டேன்."

"எப்ப?"

"நீ குறட்டை விட்டப்ப."

"கரி யாரு போட்டது?"

"நான்தான்."

"பொய் சொல்ற. கை சுத்தமா இருக்கே."

மறுநாளிலிருந்து மேவிஸ் வாளியை எடுத்துக்கொண்டு வெறும் கொட்டகைக்குப் போகத் தொடங்கினாள். மண்வெட்டியைத் தரையில் உரசிச் சத்தம் எழுப்புவாள். மூலையில் மிஞ்சிய தூளில் விரல்களைத் தேய்த்துக்கொண்டு வருவாள். அவர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். எண்பது வயதுக்காரனை ஏய்க்க இத்தனை நாடகமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. வேறு வழியும் தெரியவில்லை.

தீ மந்தமாக இருந்தால் அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. செய்தித்தாளை விரித்துக் கணப்பின் வாயை மறைத்துப் பிடிப்பார்கள். காற்று அடியில் மட்டும் புகுந்து, புகைபோக்கி இழுக்கிற இழுப்பில் தீ உறுமிக்கொண்டு எழும். தாளின் நடுவில் பழுப்பேறியதும் வெடுக்கென்று எடுத்துவிட வேண்டும். பிள்ளைகள் செய்யக் கூடாதென்று எல்லா வீட்டிலும் அடித்துச் சொல்வார்கள். எல்லாப் பிள்ளைகளும் செய்வார்கள்.

பிப்ரவரியில் வெயில் எட்டிப் பார்த்த ஒரு காலை, மேவிஸ் கணப்பைக் குறைத்து வைத்துவிட்டுப் பின்கட்டில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கத்பர்ட்டுக்குத் தீ சோர்ந்திருப்பதாகப் பட்டது. கொண்டியைத் தூக்கிக் கதவைத் திறந்தார். மண்டியிட்டுத் தாளை விரித்துப் பிடித்தார். எல்லாம் முறைப்படி செய்தார். தாளின் நடுவில் பழுப்பேறியபோது எடுக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்கு நினைவில் இல்லை.

வாசனை வந்து மேவிஸ் ஓடினாள். தாள் போய்ச் சட்டைக் கை எரிந்துகொண்டிருந்தது. ஈரத் துண்டைச் சுற்றி அழுத்தினாள். கத்பர்ட் வலியால் கத்தவில்லை. "இப்ப நல்லா இழுக்குது பாரு, புள்ள," என்றார்.

ஆஸ்பத்திரியில் முழங்கை வரை கட்டுப் போட்டார்கள். கிளைவ் வந்து கேஸை அடைத்து, தொடக் கூடாதென்று சிவப்புச் சீட்டுக் கட்டினார்.

"சீல் வெச்ச கண்ணாடி மாடலை மாட்டித் தர்றேன், மேவிஸ். வர்றதுக்குக் கொஞ்ச நாளாகும்."

"கண்ணாடிய அவரு உடைக்க மாட்டாரா?"

கிளைவ் சாமான் பையை மூடினார். "கெட்டிக் கண்ணாடிதான். ஆனா எங்கப்பா சொல்லுவாரு, சுரங்கத்துல எதிர்ல அடைப்பு இருந்தா கத்பர்ட் அதை விட்டுட்டுச் சாப்பிடக்கூடப் போக மாட்டாருன்னு."

அந்த வாரம் முழுக்க அணைந்த கணப்பின் முன்னால் அவருக்குப் பக்கத்தில் மேவிஸ் உட்கார்ந்திருந்தாள். பிடியை விட்டால் கட்டுப் போட்ட கையோடு கொண்டியைத் தூக்கப் போவார். தேநீர் போடக்கூட எழுந்திருக்க முடியவில்லை.

"விடு, புள்ள. தீ செத்துக்கிட்டிருக்கு."

"செத்தாச்சு, கத். உக்காரு."

"நீ போட்ட கரி சரியில்ல."

"ஆமா. சரியில்ல."

லோர்னா போன் செய்தாள். இல்லத்தில் ஓர் அறை காலியாகியிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சொல்லாவிட்டால் வேறு யாருக்காவது போய்விடும்.

மேவிஸ் ஒரு கையில் போனும் மறுகையில் கணவரின் மணிக்கட்டுமாக உட்கார்ந்திருந்தாள். உருவம் தீயைப் போல இருந்தால் கையை வைப்பார். இல்லாவிட்டால் வீட்டை விட்டே போவார். மூன்றாவது ஒன்றை எந்தக் கடையிலும் அவள் பார்க்கவில்லை.

"அம்மா? லைன்ல இருக்கியா?"

"வெள்ளிக்கிழமை வா. காலையிலயே வந்துடு, அவருக்கு அப்பதான் கொஞ்சம் தெளிவு இருக்கும்." பிறகு திருத்தினாள். "இல்ல. சாயங்காலம் வா."

அதற்குப் பின் பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துக் கிளைவ் வேனில் புதுக் கணப்போடு வந்தார். கூடத்தில் ஒரு நாற்காலிதான் இருந்தது. கத்பர்ட் இல்லத்துக்குப் போன விவரம் கேட்டுக்கொண்டு தொப்பியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் பழைய கணப்பைத் திறந்து பார்த்தார்.

"இதுல ஒரு பழுதும் இல்ல, மேவிஸ். பர்னர்ல விழுந்த தாளைச் சுத்தம் பண்ணினாப் போதும். இனிமே இதைத் திறக்கறதுக்கு…" நிறுத்தினார். "நீங்க திறக்கப் போறதில்லையே?"

"இல்ல."

"அப்ப மாத்தணும்னு அவசியமில்ல. புதுசை நான் கடையிலயே திருப்பிக் குடுத்துடறேன்."

"சரி."

சுத்தம் செய்து, சிவப்புச் சீட்டை அவிழ்த்து, பற்றவைத்தார். பீங்கான் கரிகளுக்கு நடுவே தீ சீராக எழுந்தது. கிளைவ் சூட்டைச் சோதித்துக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"போதுமா?"

"கொஞ்சம் கம்மி பண்ணுங்க," என்றாள் மேவிஸ். "எனக்கு ஒருத்திக்கு இவ்வளவு வேணாம்."