ஒரே நாளில் ஊமையான இரண்டு மைக்குகள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நடந்த தப்பு முழுக்க என்னுடையது, வாய் மட்டும் ஊரையே திட்டிக்கொண்டிருந்தது.

பூதலூர் ரயிலடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் நான் ஒரு பிரௌசிங் சென்டர் வைத்திருந்தேன். தெருவுக்கு நாலு பேர் வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. என் வீட்டுக்காரரும் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். கடையில் நான்கு கம்ப்யூட்டர்கள். இரண்டில் மட்டும் மைக் வைத்த ஹெட்போன் இருக்கும். காதில் மாட்டினால் வாய்க்கு நேராக ஒரு குச்சி நீளும், அதன் நுனியில் கறுப்புப் பஞ்சு உறை. அந்த இரண்டுக்கும்தான் எப்போதும் போட்டி. புருஷனோடு பேச வந்தவர்களும் மகனோடு பேச வந்தவர்களும் பெஞ்சில் வரிசை கட்டி உட்கார்ந்திருப்பார்கள்.

ஆயுதபூஜைக்கு முதல் நாள் கடையைத் துடைத்துத் தள்ளினேன். எத்தனையோ பேர் வாய் வைத்துப் பேசிய பஞ்சு உறைகளைக்கூடக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, ஜன்னலில் காயப் போட்டேன். மறுநாள் மானிட்டர், சிபியு, மவுஸ், பிரின்டர், மோடம் என்று ஒன்றையும் விடாமல் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டு, பொரிகடலை படைத்து, கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். பூஜை போட்ட சாமானை அன்றைக்குத் தொடக்கூடாது. விஜயதசமி மத்தியானம்தான் திறந்தேன்.

மூன்றே காலுக்கு அந்த நர்ஸ் பெண் வந்தாள். தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். ஊரின் கீழ்க்கோடியில் விவசாயக் கூலிகள் இருக்கும் தெரு, அந்தத் தெருவிலேயே முதல் நர்ஸ் அவள்தான். நாலு மணிக்கு அவளுக்கு இன்டர்வியூ. வளைகுடாவில் இருக்கும் ஆஸ்பத்திரிக்காரர்கள் கம்ப்யூட்டர் வழியாகக் கூப்பிட்டுக் குரலில்தான் கேள்வி கேட்பார்கள். கூப்பிடும்போது பேசாதவர்களின் பெயரை அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள் என்று ஏஜென்ட் சொல்லியிருந்தாராம். ஒரு வாரத்துக்கு முன்பே என்னிடம் சொல்லி வைத்திருந்தாள். "நீ வாம்மா, நான் பாத்துக்கிறேன்" என்று நானும் பெரிய இவளாகச் சொல்லியிருந்தேன்.

அவளுடைய அம்மாவும் வந்திருந்தார். சம்பா நடவு நேரம், வயலிலிருந்து நேராக வந்துவிட்டார். கெண்டைக்காலில் சேறு காய்ந்திருந்தது. "உள்ள வாங்கம்மா" என்றதற்கு, "காலெல்லாம் சேறும்மா" என்று வாசற்படிக்கு வெளியிலேயே குந்திக்கொண்டார்.

சவுண்ட் ரெக்கார்டரைத் திறந்து, "ஏதாவது பேசும்மா" என்றேன். பேசினால் அதில் ஒரு பச்சைக்கோடு நெளிய வேண்டும். அவள் பேசினாள். கோடு கோடாகவே கிடந்தது.

"சத்தமாப் பேசு."

"ஹலோ, ஹலோ."

கோடு அசையவில்லை. மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, மைக் ஊமையில் கிடக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. சத்தத்தை உச்சிக்கு ஏற்றினேன். பின்னால் குனிந்து ரோஸ் கலர் பின் ரோஸ் கலர் ஓட்டையில்தான் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன். பிடுங்கிச் செருகினேன். மிஷினை அணைத்துப் போட்டேன். காதில் சத்தம் கணீரென்று கேட்கிறது, வாயிலிருந்து மட்டும் ஒன்றும் போகவில்லை.

சரி, ஹெட்போன் போய்விட்டது என்று அடுத்த ஹெட்போனை மாட்டினேன். அதுவும் அதே கதை. இரண்டையும் அடுத்த கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனேன். அங்கேயும் கோடு படுத்தே கிடந்தது. இரண்டு மைக்கும் ஒரே நாளிலா போகும்? இரண்டு மிஷினும் ஒரே நாளிலா போகும்? வைரஸ்தான் என்று முடிவு கட்டினேன். டிரைவர் சிடியைத் தேடி எடுத்து மறுபடியும் ஏற்றினேன். அந்த நீலப்பட்டை நகர்ந்து முடிவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. முடிந்தது. கோடு அப்படியே இருந்தது. மணி நாலாக எட்டு நிமிஷம்.

அந்த நேரத்தில்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன். "உன் குரலே எழும்பலையேம்மா! இப்படி முணுமுணுன்னு பேசினா மைக் என்ன பண்ணும்? வாயைத் திறந்து பேசத் தெரியாதா உனக்கு?"

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது. வாசலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"அது மேல தப்பில்லம்மா. நான்தான் சத்தம் போட்டுப் பேசாத, பேசாதன்னு சொல்லிச் சொல்லி வளத்தேன். பெரியவங்க இருக்கிற எடத்துல மெல்லப் பேசுன்னு. இப்படி ஒரு நாள் வரும்னு எனக்கு எங்க தெரிஞ்சுது?"

எனக்குச் சுரீரென்றது. அவரைப் பார்க்க முடியவில்லை. அந்த வெட்கத்தையும் கோபமாகத்தான் காட்டத் தெரிந்தது எனக்கு. ஹெட்போனை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்து, "நாசமாப் போக! நேத்துத்தானே உனக்குப் பூஜை போட்டேன்? இன்னைக்கே கழுத்தறுக்கிறியே சனியனே!" என்று கத்தினேன். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"அக்கா," என்றாள் அந்தப் பெண். "இன்னொரு தரம் திட்டுங்க."

"யாரை?"

"அதையேதான். நீங்க கத்துனப்ப கோடு லேசா ஆடுச்சுக்கா."

திட்டினேன். அதற்கெல்லாம் எனக்குச் சொல்லியா தர வேண்டும்? ஆமாம், மயிரிழை அளவுக்குக் கோடு நடுங்கியது.

"செத்திருந்தா ஆடாதுக்கா. இது அடைச்சிருக்கு. காதே கேக்கலைன்னு வருவாங்க, பாத்தா உள்ள குறும்பி அடைச்சிருக்கும். எடுத்து விட்டாப் போதும், நல்லாக் கேக்கும்." சொல்லிக்கொண்டே ஹெட்போனை வாங்கி, நுனியில் இருந்த பஞ்சு உறையை உருவினாள்.

உள்ளே மஞ்சளாய் ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம். ஒரு ஓட்டையும் தெரியாமல், காய்ந்து பாறையாகி உட்கார்ந்திருந்தது.

நான் வைத்ததுதான், வேறு யார்? ஹெட்போனில் பொட்டு வைக்க வேறு இடம் எங்கே இருக்கிறது, நுனியில் வை என்று வைத்திருக்கிறேன். பிறகு காய்ந்த உறையை எடுத்து அதன் மேலேயே மாட்டியிருக்கிறேன். இன்னொன்றின் உறையையும் உருவிப் பார்த்தேன். அங்கேயும் லட்சணமாக ஒரு பொட்டு. அட அறிவுகெட்டவளே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றியவள் சற்றுத் தயங்கினாள். "எடுக்கலாமாக்கா? சாமிக்கு வச்சதாச்சே."

"எடும்மா. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."

நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பதறவே இல்லை. ஊக்கை உள்ளே குத்தாமல், நுனியால் ஓரத்தைக் கீறிப் பெயர்த்து, மைக்கைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினாள். சந்தனம் தூளாகக் கொட்டியது. கடைசியில் மிளகில் பாதி இருக்கும் அந்த ஓட்டை தெரிந்தது. "ஹலோ" என்றாள், எப்போதும் பேசுகிற அதே மெல்லிய குரலில். பச்சைக்கோடு துள்ளி எழுந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நாலு மணி தாண்டி இரண்டு நிமிஷத்தில் அழைப்பு வந்தது. அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். எனக்கு அந்தப் பக்கக் குரல் கேட்கவில்லை. "எஸ் சார், ஐ கேன் ஹியர் யூ" என்றாள். பிறகு, "கேன் யூ ஹியர் மீ, சார்?" என்றாள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினாள். பெஞ்சில் இருந்தவர்களிடம் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு வெளியே வந்தேன்.

அம்மா அதே இடத்தில் குந்தியிருந்தார். நானும் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

"அவ குரல் அங்க கேக்குதாம்மா?" என்றார்.

"நல்லாக் கேக்குதுங்க. உங்க பொண்ணு குரல்ல ஒரு குறையும் இல்ல. நான் வச்ச சந்தனம்தான் அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. புத்தியில்லாம அவளைப் பேசிட்டேன். நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

"சந்தனமா?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையை வாயில் வைத்து அடக்கப் பார்த்தார், முடியவில்லை. உள்ளே இன்டர்வியூ நடக்கிறதே என்று நான் அவர் கையைப் பிடித்து அமுக்க, எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அவளுக்கு வேலை கிடைத்தது. தை அறுவடைக்கு முன்பே விமானம் ஏறிவிட்டாள். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் சாயங்காலம் அம்மா என் கடைக்கு வருவார். காலைக் கழுவிவிட்டு வருவார், உள்ளே நாற்காலியில் உட்காருவார். ஹெட்போனை நான்தான் மாட்டிவிடுவேன். அதற்குப் பிறகு வந்த ஆயுதபூஜைகளில் ஒயரில்தான் பொட்டு வைத்தேன்.

கண்காணாத தேசத்துக்குக் கேட்க வேண்டுமே என்று அந்த அம்மா தொண்டை கிழியக் கத்துவார். என்ன குழம்பு வைத்தார், எந்த வாய்க்காலில் தண்ணீர் வந்தது, எல்லாம் ரயிலடிக்கே கேட்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிப் பேச்சில் நிறுத்தி, வாயெல்லாம் பல்லாக என் பக்கம் திரும்பினார்.

"மெல்லப் பேசும்மா, காது வலிக்குதுங்கிறாம்மா என் பொண்ணு!" என்றார். திரும்பி, முன்னைவிட உரக்கப் பேச ஆரம்பித்தார்.