கிளடிஸின் இரண்டு பெட்டிகள்

ரொறன்ரோ நகர நடுவிலுள்ள ஒரு ஹோட்டலில் அறைகளைத் துப்புரவாக்கியே கிளடிஸின் முதுகு வளைந்துவிட்டது. ஆனால் வாய்க்கு மட்டும் ஒருநாளும் குறைவில்லை. அந்த வாயால்தான் போன மாதம் விருந்து மண்டபத்துக்குச் சூப்பர்வைசர் ஆனாள். ஆன கையோடு, வரப்போகிற பெரிய மகாநாட்டின் தேநீருக்கு ஸ்காபரோத் தமிழ்க் கடை மீன் றோல்ஸ் வைப்போம் என்று மனேஜரிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். விருந்தினரிடமிருந்து ஒரு முறைப்பாடு வந்தாலும் பழையபடி அறைகளுக்குத்தான் போகவேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார்.

மகாநாடு சின்ன விஷயமல்ல. ஐரோப்பிய ஒன்றியத்துக்காரர் ஒரு பக்கம், அவர்களுடைய அயல்நாட்டுக்காரர் மறுபக்கம். பாதுகாப்பில் ஒத்துழைக்க வேண்டுமாம். இரு பக்கத்துக்கும் பொதுவான இடமென்று ரொறன்ரோவைப் பிடித்திருந்தார்கள். கடற்காவல் தகவலை யார் முதலில் கொடுப்பது என்று காலை முழுக்க இழுபறி. தேநீர் இடைவேளையிலும் எண்ணெயும் தண்ணீரும்போல ஒட்டாமல் நின்றார்கள்.

ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் கடை வைத்திருக்கும் அகஸ்ரினிடம் கிளடிஸ் இரண்டு பெட்டி சொல்லியிருந்தாள். விருந்தினருக்கு உறைப்பில்லாதது ஒன்று. பதவி உயர்வைக் கொண்டாட, கூட வேலைசெய்பவர்களுக்கு நல்ல உறைப்பாக இன்னொன்று. இரண்டும் ஒரே மாதிரி மட்டைப் பெட்டி. ஒன்றை மண்டபத்துக்கு அனுப்பிவிட்டு மற்றதைக் குசினி அடுப்படியில் பிரித்தாள்.

பரிமாறுகிற ஷாமிலா முதல் ஆளாக ஒரு கடி கடித்தாள். "என்னக்கா உது, பத்தியச் சாப்பாடு மாதிரிக் கிடக்கு!"

கிளடிஸ் அவள் கையிலிருந்த றோலைப் பிடுங்கிக் கடித்துப் பார்த்தாள். "ஐயோ மாதாவே! அப்ப எங்கட பெட்டி?"

ஓடினாள். மண்டபத்தில் எல்லார் கண்ணிலும் நீர். ஒன்றியக் குழுத் தலைவரின் முகம் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தது. தண்ணீர்ச் சாடியெல்லாம் அவர்கள் பக்கம்; றோல்ஸுக்குத் தொட வைத்த தயிர்க் கிண்ணமெல்லாம் அயல்நாட்டார் பக்கம். அயல்நாட்டு அம்மா ஒருவர் இருமிக்கொண்டே தலைவரிடம் தயிரை நீட்டினார். அவர் சாடியைத் தூக்கிக் கொடுத்தார். இருவருக்கும் சிரிப்பு வந்தது, அடங்கவில்லை. பிறகென்ன, மண்டபமே கலந்துவிட்டது. காலையில் தகவல் தர மறுத்தவர்கள், எதைத் தின்றால் எரிவு தணியும் என்ற தகவலை ஆளுக்காள் வாரி வழங்கினார்கள்.

மனேஜர் வந்தார். கிளடிஸ் மனத்துக்குள் செபம் சொன்னாள். நாளைக்கும் இதே றோல்ஸ்தான் வேண்டுமாம், தலைவரே கேட்கிறார் என்றார் மனேஜர். போகும்போது, "சூப்பர்வைசர்" என்று கூப்பிட்டு, நாளைய தேநீர் ஏற்பாட்டை அவளிடமே விட்டார். அவளுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

உடனே போன் எடுத்தாள். "அகஸ்ரின் அண்ணை, நாளைக்கு ரெண்டு பெட்டியையும் எங்கட உறைப்பிலயே போடுங்கோ."

"வெள்ளையளுக்கோ? உமக்கென்ன விசரே?"

"நீங்கள் போடுங்கோ அண்ணை. தயிருக்கு நான் பொறுப்பு."