மூன்று சாதிக்காயும் ஒரு ஹார்ட் அட்டாக்கும்

போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஹார்ட் அட்டாக் வந்தது. சுமார் நாற்பது நிமிடம் நீடித்தது...

பதறாதீர்கள். முதலிலிருந்து சொல்கிறேன்.

அன்று காலை வயிற்றோட்டம். "சாதிக்காய ஒரு சிட்டிகை உரசி, தேன்ல குழைச்சுச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, மனைவி அலுவிகாரையில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். பல்லேபொலவில் சொந்தமாகச் சாதிக்காய் மரம் வைத்திருப்பவன் சிட்டிகைக் கணக்கா பார்ப்பான்? மூன்று கொட்டை. பிளெண்டரில் போட்டு, வெந்நீர் ஊற்றி அடித்து... ஒரே மூச்சில் குடித்தேன்!

வயிற்றோட்டம் நின்றது. மத்தியானம் மற்றதெல்லாம் ஓடத் தொடங்கியது. நெஞ்சு படபடத்தது, நாக்கு காய்ந்தது, கூரை சுற்றியது. மகள் என்னைத் த்ரீவீலரில் அள்ளிப் போட்டாள்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் யாழ்ப்பாணத்து டாக்டர். இளம் பெண். ஈசிஜி எடுத்தபடி, "ஐயா, மருந்து, மாத்திரை, வேற ஏதும் சாப்பிட்டனீங்களோ?" என்றார்.

"ஒண்ணுமில்ல டாக்டர்."

ஏன் பொய் சொன்னேன்? பக்கத்தில் மகள், "வாப்பாக்கு ஹார்ட் அட்டாக் போல" என்று போனில் அழுகிறாள். கலேவெலயில் இருக்கும் மச்சான் — இருபது வருஷமாக என்னைச் சோம்பேறி என்று சொல்லி வருபவர் — "தங்கமான மனுசன்" என்று விம்முவது ஸ்பீக்கரில் கேட்கிறது. ஹார்ட் அட்டாக் எவ்வளவு கௌரவமான வியாதி! சாதிக்காய் என்று வாயைத் திறந்தால் அந்தத் தங்கம் என்ன ஆவது?

"இதயத்துக்கு மருந்தைத் தொடங்கிக் கண்டிக்கு அனுப்புவம்" என்றார் டாக்டர். நர்ஸ் ஊசியை எடுத்தார்.

இல்லாத வியாதிக்கு மருந்து ஏறி, இருக்கிற உயிர் போனால்...?

"டாக்டர்... மூணு சாதிக்கா."

நர்ஸின் கை அப்படியே நின்றது; என் நாற்பது நிமிட ஹார்ட் அட்டாக்கும் அத்தோடு நின்றது. டாக்டர் சிரிக்கவில்லை. "எத்தினை மணிக்கு? முழுக் கொட்டையோ? வேணுமெண்டே சாப்பிட்டனீங்களோ?"

"வயித்தோட்டத்துக்கு, டாக்டர்!"

"இதுக்கு மாற்று மருந்து இல்லை, ஐயா. சேலைன் ஏத்தி, மெஷினில இதயத்தைப் பாத்துக்கொண்டிருக்கிறதுதான் வைத்தியம்."

மூச்சிரைக்க வந்த மனைவியிடம் மகள் விஷயத்தைச் சொன்னாள். மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "முத்தத்துப் பாயில கராம்பு காயுது. அதையும் தின்னுட்டு வந்திருக்கலாமே!"

மறுநாள் நாடித் துடிப்பு சீரானது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "ஈசிஜியில எங்களுக்கு இதயம் மட்டுந்தான் தெரியும், ஐயா. வயித்துக்குள்ள என்ன கிடக்கெண்டு நீங்கள்தான் சொல்லோணும்."

ஆகவே வாசகர்களே, அவசரப் பிரிவுக்குப் போகும்போது வெட்கத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள் — உயிரை மட்டும் கொண்டுபோனால் போதும்.