நடுக் கேபினும் நார்த்தங்காயும்

1. முதல் பயணம்

ஸ்டீமர் ஏஜெண்டு ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்ததும் நான் செய்த முதல் வேலை, கொழும்பு வரை போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தது. இதை மறைத்து எழுதினால் பின்னால் சொல்லப்போகிற எதுவும் விளங்காது.

ஆபீஸ் திருநெல்வேலி டவுணில், தெற்கு ரத வீதியில் ஒரு ஜவுளிக் கடையின் மாடியில் இருந்தது. கொழும்புக்குப் போகிறவர்கள் எங்களிடம் டிக்கெட் எழுதிக்கொண்டு ரயிலேறி, மணியாச்சியில் மாறித் தூத்துக்குடி போவார்கள். அங்கே கரையோரம் ஆழம் கிடையாது. ஸ்டீமர் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். லாஞ்சு என்கிற சின்னப் படகில் ஏறிப் போய்த்தான் அதைப் பிடிக்க வேண்டும். சாயங்காலம் ஏறினால் மறுநாள் காலையில் கொழும்பு. தனுஷ்கோடி வழியாகக் கொழும்பு போகிற வழக்கம் வருவதற்கு முந்திய காலம் அது.

எங்கள் மேனேஜர் வாயில் எப்போதும் வெற்றிலை இருக்கும். சேர்ந்த அன்றைக்கே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"வே கோமதிநாயகம், கண்ணால பாக்காத சரக்கை எப்படிவே விப்பீரு? ஒரு நடை கப்பல்ல போயிட்டு வாரும்."

நான் தாமிரபரணியில் குளித்து வளர்ந்தவன். தண்ணீர் என்றால் எனக்கு என்ன பயம்? அந்தத் தைரியமெல்லாம் லாஞ்சோடு சரி. ஸ்டீமரில் ஏறும்போதே என்னைக் கைத்தாங்கலாகத்தான் ஏற்றினார்கள். முன்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். பின்பக்கம் போனேன், அங்கே சமையலறை வாசமும் சேர்ந்துகொண்டது. காற்று வாங்கலாம் என்று மேலே போனால் இன்னும் மோசம். கடைசியில் கப்பல் பட்லர், தூத்துக்குடிக்காரர், என்னைத் தூக்காத குறையாகக் கீழே கொண்டுபோய் நடுவில் இருந்த ஒரு சின்ன அறையில் கிடத்தினார்.

"இங்கன பைய மல்லாக்கப் படும். தலையைத் தூக்காதயும்" என்றார்.

எஞ்சின் பக்கத்துச் சுவர் சுட்டது. ஜன்னலையும் அடைத்து வைத்திருந்தார்கள். ஆனால் ஆட்டம் பாதியாகக் குறைந்துவிட்டது. போன உயிர் திரும்பி வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த அறைக்குச் சொந்தக்காரர் வந்து என்னை எழுப்பி டெக்குக்கு அனுப்பிவிட்டார் என்பது வேறு விஷயம்.

ஆக, அந்தக் கப்பலில் நான் வாந்தி எடுக்காத மூலை கிடையாது. கேபின் விற்கிறவனுக்கு இதைவிடப் பெரிய படிப்பு என்ன வேண்டும்?

2. யாருக்கும் வேண்டாத கேபின்

அன்று முதல் வயிறு குமட்டுகிற ஆள் யார் வந்தாலும் ஒரே பாட்டைத்தான் பாடுவேன். "ஏத்த மரத்தை நெனச்சுப் பாருங்க. தண்ணி எறைக்கயில நுனி மேலயும் கீழயும் போவுது. நடுவுல என்ன ஆட்டம் இருக்கு? கப்பலும் அப்படித்தான். நடுவுல, கீழ் தட்டுல எடுங்க" என்பேன்.

எல்லாரும் தலையை ஆட்டிக் கேட்பார்கள். கேட்டுவிட்டு, முன்பக்கத்து மேல் கேபினுக்கு எழுதச் சொல்வார்கள். சபையானால் முன் வரிசை, ஊர்வலமானால் முன் இடம் என்று பழகின ஜனங்கள். கப்பலில் மட்டும் நடுவில், அதுவும் கீழே போய்ப் படுப்பார்களா? ஸ்ரீவைகுண்டத்து மிராசுதார் ஒருவர், பிள்ளைவாள் என்றுதான் அவரை எல்லாரும் கூப்பிடுவார்கள், ஒரு தடவை என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார்.

"கீழ் தட்டா? எந்தலைக்கு மேல கண்டவனும் நடப்பான், நான் கீழ கெடக்கணுமா? என்ன பேச்சுவே பேசுதீரு!"

இந்தப் பிள்ளைவாளை மறந்துவிட வேண்டாம். மறுபடி வருவார்.

3. ஞானமுத்து வாத்தியார்

பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் ஞானமுத்து என்று ஒரு வாத்தியார். அவர் மகள் எஸ்தருக்குக் கொழும்பு துறைமுகத்தில் சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்க்கிற பையனோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பையனுக்கு லீவு கிடைக்காமல் ஒரு தடவை தேதி தள்ளிப்போய்விட்டது. அதனால் இந்தத் தடவை பெண்வீட்டார் அங்கே போய் வேதக்கோயிலில் கல்யாணத்தை முடிப்பதாக ஏற்பாடு. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கோயிலில் ஓலை வாசித்தாயிற்று. கப்பல் போய்ச் சேருகிற நாளைக்கு மறுநாள் கல்யாணம்.

வாத்தியார் மகளையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். வந்தவர் கொஞ்சம் தயங்கினார்.

"தம்பி, பிள்ளைக்கு மாட்டு வண்டியே ஒத்துக்கிடாது. ஸ்ரீவைகுண்டம் போய் வந்தாலே ரெண்டு நாள் படுத்திருவா."

எழுத எடுத்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். காரணம் கொழும்பு டாக்டர். அந்தக் காலத்தில் கப்பல் கொழும்பில் நின்றதும் துறைமுக டாக்டர் ஏறி வருவார். ஒவ்வொருவராக முகத்தைப் பார்த்து, நாக்கைப் பார்த்து, நாடி பிடித்த பிறகுதான் இறங்க விடுவார். சந்தேகம் வந்தால் நேரே கேம்ப். கம்பி வேலிக்குள் பல நாள். வாந்தியும் பேதியும் சேர்ந்திருந்தால் காலராதான் என்று முடிவு கட்டிவிடுவார், பேச்சே கிடையாது. கடல் மயக்கத்தில் சுருண்டு கிடக்கிற பெண்ணைப் பார்த்து இது வெறும் மயக்கம்தான் என்று அவர் நம்ப வேண்டுமே! நம்பாவிட்டால் கல்யாணம் இரண்டாம் தடவையும் நின்று போகும். அப்புறம் ஊர் என்னவெல்லாம் பேசும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் சொன்னேன். வாத்தியார் முகம் வெளிறிப் போயிற்று. எஸ்தர்தான் தெளிவாகக் கேட்டாள்.

"நான் என்ன செய்யணும், அண்ணாச்சி?"

"கீழ் தட்டு, நடுக் கேபின். ஏறினதும் படுத்திரணும். வெறும் வயித்தோட போகக்கூடாது. கஞ்சி நாலு வாய், இல்லாட்டா ரஸ்க்கு. நார்த்தங்காய் ஊறுகா கைல இருக்கட்டும். கொமட்டுனா மொதல்ல வாசம் பிடிக்கணும், பொறவுதான் வாயில போடணும். காலைல கரை தெரிஞ்சதும் எந்திரிச்சு வந்து கரையையே பாத்துக்கிட்டு நிக்கணும். தண்ணியைப் பாக்கக்கூடாது."

பிள்ளை ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினாள். எனக்கு நம்பிக்கை வந்தது. பணம் கட்ட நாளைக்கு வருகிறேன் என்று வாத்தியார் போனார்.

மறுநாள் நான் வசூலுக்குப் பேட்டைப் பக்கம் போயிருந்தேன்.

4. விளக்கெண்ணெய்

பயணத்தன்று அவர்களை வழியனுப்பத் திருநெல்வேலி ஸ்டேஷனுக்குப் போனேன். எஸ்தரின் கண் குழி விழுந்திருந்தது. வாத்தியாரின் மனைவி ரெபேக்காள் அம்மாள் என்னைக் கண்டதும் சந்தோஷமாக வந்தார்.

"தம்பி, இனிப் பயமில்ல. நேத்து பிள்ளைக்கு வெளக்கெண்ணெய் குடுத்து வயித்தைச் சுத்தமாக் கழுவி விட்டாச்சு. உள்ள ஒண்ணுமே இல்லாட்டா என்னத்த வாந்தி எடுக்கதாம்?"

காலியான வயிறுதான் கடலில் முதலில் புரளும். அதுவும் போதாதென்று பேதியும் ஆகியிருக்கிறது. காலராவுக்கு வேண்டிய அடையாளத்தில் பாதியை அந்த அம்மாள் வீட்டிலேயே தயார் செய்து அனுப்புகிறார்!

டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். முன்பக்கம், மேல் கேபின்.

வாத்தியார் தரையைப் பார்த்தார். "நீங்க இல்லாதப்ப மேனேஜர்தான் எழுதுனாரு. நான்தான் கேட்டேன். கல்யாணப் பொண்ணைக் கீழ் அறையிலேருந்து ஏத்திக் கூட்டிட்டு வந்தா சம்பந்தக்காரங்க என்ன நெனப்பாக தம்பி?"

எனக்கு வந்த கோபத்தில் அவர் வாத்தியார் என்பதைக்கூட மறந்திருப்பேன். வழியனுப்ப வந்திருந்த மேனேஜர் நிலைமையைக் கேட்டுவிட்டு, வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நீரும் கூடப் போவும்வே. பிள்ளையை எறக்கி விட்டுட்டு வாரும்" என்றார். எனக்கு டெக் டிக்கெட். ஆபீஸ் செலவில் குமாஸ்தாவுக்குக் கேபின் எந்தக் காலத்தில் கிடைத்தது?

தூத்துக்குடியில் இறங்கியதும் தெரிந்த வீட்டில் கஞ்சி வைக்கச் சொல்லி எஸ்தரை மெதுவாகக் குடிக்க வைத்தேன். லாஞ்சில் அவள் நார்த்தங்காயை மூக்கில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியபடி வந்தாள். நான் அவளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே, பாதிப் பேச்சில் தலையை வெளியே நீட்டி என் வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

5. பிள்ளைவாள் செய்த உபகாரம்

ஸ்டீமரில் ஏறினால் கீழ் தட்டில் ஒரே சத்தம்.

"எவன்வே எனக்கு இந்தப் பொந்தை எழுதுனது? மேல திமுதிமுன்னு நடக்கான்! நான் என்ன மூட்டையா?"

கேட்ட குரலாக இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தேன். சாக்ஷாத் பிள்ளைவாள். அவர் கடைசியாக வந்து டிக்கெட் கேட்டதால் மிச்சம் கிடந்த ஒரே கேபினை மேனேஜர் எழுதிவிட்டிருக்கிறார். அதுதான் கீழ் தட்டு, நடுக் கேபின். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது.

"பிள்ளைவாள், முன்பக்கம், மேல் கேபின் ஒண்ணு இருக்கு. இவுகளுது. மாத்திக்கிடுதியளா? ஆனா ஒண்ணு, அங்கன ஆட்டம் சாஸ்தி. சொல்லலன்னு பின்னால சொல்லக்கூடாது."

"ஆடட்டும்வே! எந்தலைக்கு மேல ஒரு பய நடக்கக்கூடாது, அம்புட்டுதான்."

பட்லர் இரண்டு டிக்கெட்டிலும் நம்பரை மாற்றினார். பிள்ளைவாள் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி மேலே போனார். தாயும் மகளும் கீழே போய்ப் படுத்தார்கள். எஸ்தரின் தலையணைப் பக்கத்தில் ரஸ்க்கும் நார்த்தங்காயும் வைத்துவிட்டு, "எந்திரிக்கவே கூடாது, பாத்துக்கிடுங்க" என்று அம்மாளிடம் சொல்லிவிட்டு மேலே வந்தேன்.

டெக்கில் எனக்குக் கிடைத்த இடம் முன்பக்கம். அதைப் பற்றி விரிவாக எழுத விருப்பமில்லை. கேபின் பெண்களுக்கு மட்டும்தான் என்பதால் வாத்தியாரும் டெக்கில்தான் வந்தார். என் தலையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். தலையைப் பிடிக்காத நேரத்தில் ஜெபம் பண்ணினார். மகளுக்காகப் பண்ணினாரா எனக்காகவா என்று கேட்கிற நிலையில் நான் இல்லை.

6. டாக்டர்

கரை தெரிந்தது. எஸ்தர் தன் காலிலேயே நடந்து மேலே வந்தாள். ராத்திரி முழுவதும் ஒரு தடவைகூட எடுக்கவில்லை என்று அம்மாள் சொன்னதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் நான் சொன்னபடி கரையைப் பார்த்து நின்றாள். முகம் மட்டும் வெளுத்திருந்தது. கண் அப்படியே குழிந்து கிடந்தது. விளக்கெண்ணெயின் கைவரிசை.

பிள்ளைவாளும் வந்தார். குளித்துத் திருநீறு பூசி, பூப்போல இருந்தார். "என்னவே, அதுக்குள்ள கொழும்பு வந்துட்டா? நல்ல உறக்கம்" என்றார். சில வயிறுகள் அப்படி. அவர்களைப் பார்த்து நமக்குக் கேபின் எடுக்கக்கூடாது.

டாக்டர் ஏறினார். வெள்ளைக்காரர். கூடத் தமிழ் பேசுகிற கம்பவுண்டர் ஒருவர். வரிசையில் பிள்ளைவாள் ஒரு நிமிஷத்தில் தாண்டினார். எஸ்தர் முன்னால் டாக்டர் நின்றுவிட்டார். நாக்கை நீட்டச் சொன்னார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். கம்பவுண்டரிடம் ஏதோ சொன்னார்.

கம்பவுண்டர் ரெபேக்காள் அம்மாளைப் பார்த்துக் கேட்டார். "பிள்ளைக்கு வயிறு எப்படி? ஏதும் போனதோ?"

அம்மாள் ஆயுளில் பொய் சொன்னதில்லை. அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. முகம் மலர வாயைத் திறந்தார். "முந்தாநேத்து..."

தொலைந்தோம் என்று நினைத்தேன். நினைத்தவுடன் வயிறு புரண்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. டாக்டரின் பூட்ஸுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

டாக்டர் துள்ளி விலகினார். எல்லாரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள். "எத்தனை தடவை?" என்று கேட்டார்கள். எண்ணவில்லை என்று உண்மையைச் சொன்னேன். நாடி பிடித்தார்கள். டாக்டர் எஸ்தரைப் பார்த்துக் கையை வீசினார். போ, போ, இந்த ஆளிடமிருந்து தள்ளிப் போ என்கிற மாதிரி. தாயும் மகளும் இறங்கினார்கள். வாத்தியார் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனார்.

என்னை இரண்டு பேர் கேம்புக்கு அழைத்துப் போனார்கள். அப்பாடா என்று இருந்தது. கம்பி வேலிக்குள் போகிறவன் அவ்வளவு நிம்மதியாகச் சிரித்ததைப் பார்த்து அவர்களுக்கு வேறு சந்தேகம் வந்திருக்கலாம். நான் அந்தக் கம்பெனிக்குச் செய்த சேவைகளில் அந்த வாந்திக்கு ஈடானது எதுவும் இல்லை.

7. வேலிக்கு இந்தப் பக்கம்

மறுநாள் சாயங்காலம் வேலி ஓரமாக என்னை யாரோ கூப்பிட்டார்கள். கல்யாணச் சேலையோடு எஸ்தர், பக்கத்தில் மாப்பிள்ளை. காவல்காரனிடம் கேட்டு ஒரு தூக்குச் சட்டியை உள்ளே கொடுத்தாள்.

"கஞ்சி, அண்ணாச்சி. நார்த்தங்காயும் வச்சிருக்கேன். மொதல்ல வாசம் பிடிக்கணும், பொறவுதான் வாயில போடணும்."

நான் சொன்னதை எனக்கே ஒப்பித்தாள். சிரிக்க வந்தவன் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பாளையங்கோட்டையில் தேதி தள்ளிப்போனபோது இந்தப் பிள்ளை எத்தனை பேச்சுக் கேட்டிருப்பாள் என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

மாப்பிள்ளை வேலிக்கு மிக அருகில் வந்தார். "அண்ணாச்சி, உங்களை வெளிய விட்டதும் திரும்பிப் போக டெக் வேண்டாம். துறைமுகத்துல சொல்லி எழுதி வச்சாச்சு. கீழ் தட்டு, நடுக் கேபின்."

எனக்கு நோய் ஒன்றுமில்லை என்று தெரிந்து வெளியே விட்டார்கள். ஊர் திரும்பியபின் எத்தனையோ வருஷம் கேபின் விற்றேன். இப்போது புக்கிங்கில் உட்காருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். வருகிறவரின் வயிற்றைக் கேளுங்கள். வயிறு சொல்லுகிற கேபினை எழுதுங்கள். கௌரவம் சொல்லுகிற கேபினை எழுதச் சொன்னால் ஒரு தடவையாவது சண்டை போட்டுவிட்டு எழுதுங்கள்.

திரும்புகாலில் அந்த அறையில் போய்ப் படுத்தேன். அத்தனை பேருக்கும் எடுக்கச் சொன்ன கேபினில், என் பெயருக்கு எழுதின டிக்கெட்டோடு நான் படுப்பது அதுதான் முதல் தடவை. கப்பல் கிளம்பியது. வயிறு சும்மா இருந்தது. தலைக்கு மேலே யாரோ திமுதிமுவென்று நடந்தார்கள். நடக்கட்டும் என்று திரும்பிப் படுத்து உறங்கிவிட்டேன்.