பூவம்மாள் காட்டிய தெரு

வாணியம்பாடியில் பாலாற்றை ஒட்டி ஒரு தெரு இருந்தது. தோல் வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பங்கள் வாழ்ந்த தெரு. அங்கே கிணற்றுத் தண்ணீர் உவர்க்கும். குடிப்பதற்கு ஆற்று மணலில் ஊற்று தோண்டித்தான் கொண்டுவர வேண்டும். அந்த வீடுகளுக்குப் பன்னிரண்டு வருஷம் தண்ணீர் சுமந்தவள் பூவம்மாள். கொல்லை வழியாக நுழைந்து, சமையல்கட்டில் பானைகளை நிரப்பிவிட்டு வந்த வழியே திரும்புவாள். அவள் புருஷன் சின்னசாமி தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்தான். மகள் சுந்தரிக்கு ஏழு வயது. தெருக்கோடியில், ஆற்றுக்கரை மேல், அவர்களுடைய கூரை வீடு.

1903 ஐப்பசிக் கடைசியில் தங்கையின் பிரசவத்துக்காகப் பூவம்மாள் கணியம்பாடி போயிருந்தாள். அப்போதுதான் பாலாறு ஊருக்குள் வந்தது. ரயில் பாதை அறுந்துபோனதால் ஆம்பூரிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தாள். தெரு இருந்த இடத்தில் இடுப்பளவு வண்டல் கிடந்தது. சின்னசாமியின் உடலை எடுத்துப் புதைத்து இரண்டு நாளாகிவிட்டது என்றார்கள். சுந்தரி கிடைக்கவில்லை.

"வாய் விட்டு அழுடி" என்றாள் கூட வேலை செய்த ரங்கம்மாள்.

"வரலயே" என்றாள் பூவம்மாள்.

மறுநாள் குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனாள். ஊற்று மூடிப்போயிருந்தது. வேறு இடத்தில் தோண்டி, வீடிழந்து சத்திரத்தில் தங்கியிருந்த தெருக்காரர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினாள். அங்கே யார் எது சொன்னாலும் அது பக்கத்து அறையில் பேசுவதுபோல அவளுக்குக் கேட்டது. பசித்தால் சாப்பிட்டாள். படுத்தால் தூங்கிப்போனாள்.

தை மாதம் நிலம் அளக்கக் கோதண்டராமன் என்ற குமாஸ்தா சங்கிலியோடு வந்தார். யார் வீடு எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும். ஆண்கள் ஆளுக்கொரு எல்லை சொன்னார்கள். பெண்கள் கோஷாவில் இருப்பவர்கள், அன்னிய ஆண் முன்னால் வந்து பேச மாட்டார்கள். "எல்லா வீட்டுக்குள்ளேயும் போய்வந்தவ பூவம்மா. அவளைக் கேளுங்க" என்று திரைக்குப் பின்னாலிருந்து சொல்லியனுப்பியவள் முனவ்வர் பேகம். அந்த வெள்ளத்தில் புருஷனை இழந்தவள். கையில் அன்வரி என்ற பெண் குழந்தை. பேகத்தின் மைத்துனர் ஹயாத் சாயபு, அண்ணன் வீடு இருந்த இடமும் தன்னுடையதே என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வண்டல் மேல் நடந்து பூவம்மாள் ஒவ்வொரு வீடாகக் காட்டினாள். இங்கே வாசல், இங்கே அடுப்பு, இங்கே பானை வைக்கிற மேடை. குமாஸ்தா எழுதிக்கொண்டே வந்தார். ஹயாத் சாயபுவின் வீட்டுக்கு அடுத்து அவள் நின்றாள்.

"இது பேகம் வூடு."

"இன்னா பேச்சு பேசுற? எங்க வூட்டுக்கும் நீதானே தண்ணி ஊத்தினே?" என்றார் சாயபு.

"ஊத்தினேங்க. அதான் தெரியும். உங்க வூட்ல உரல் வெளிய தாழ்வாரத்துல இருந்துச்சு. இவங்க வூட்ல சமையல்கட்டுத் தரையில பொதச்சிருக்கும். ஒதட்டுல ஒரு பக்கம் பிஞ்சிருக்கும்."

குமாஸ்தா தோண்டச் சொன்னார். இடுப்பளவு ஆழத்தில் கடப்பாறை கல்லில் பட்டது. மண்ணைக் கையால் வழித்தார்கள். உரலின் விளிம்பு ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. ஹயாத் சாயபு கிளம்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் வீட்டில் அவளுக்கு வேலை இல்லாமல் போயிற்று.

தெருக்கோடிக்கு வந்தபோது, "உன் வீடு எது?" என்று கோதண்டராமன் கேட்டார்.

காட்டினாள். அவர் காகிதத்தைப் பார்த்தார். "இது ஆத்துப் புறம்போக்கும்மா. இதுக்கு சர்வே நம்பர் கிடையாது. நான் கோடு போட முடியாது."

"சரிங்க" என்றாள். வெயில் ஏறிவிட்டதே, குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று அவரைக் கேட்டாள்.

முனவ்வர் பேகத்துக்கு இடம் கிடைத்தது. ஒரு வருஷத்தில் வீடும் எழும்பியது. "நீ எங்கயும் போவாத. இங்கயே இரு" என்று கொல்லையில் அவளுக்கு ஓர் அறை கட்டிக் கொடுத்தாள். பூவம்மாள் அங்கேயே இருபத்தேழு வருஷம் இருந்தாள். அன்வரியைத் தூக்கி வளர்த்தாள். ஊட்டினாள், குளிப்பாட்டினாள், தலை வாரினாள். ஆனால் கொஞ்சவில்லை. குழந்தையும் அதை எதிர்பார்க்காமலே வளர்ந்தது.

அன்வரி பேகம் கல்யாணமாகித் தன் முதல் பெண்ணோடு வந்திருந்தபோது ஒரு நாள் கேட்டாள். "பூவம்மா, சுந்தரி எப்பிடி இருப்பா?"

பூவம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"செவப்புப் பாவாட. கால்ல ஒரு தழும்பு."

"மூஞ்சி?"

பூவம்மாள் யோசித்துப் பார்த்தாள். அந்தத் தெருவின் ஒவ்வொரு வாசற்படியும் அவளுக்கு ஞாபகம் இருந்தது. "வரலம்மா" என்றாள். அன்வரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பூவம்மாள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிறகு, "அரிசி கெடக்குது" என்றாள்.

1932 கோடையில் காய்ச்சல் கண்டு நான்கு நாளில் இறந்தாள். கணியம்பாடியிலிருந்து தங்கை மகன் வந்து கொள்ளி வைத்தான். அன்று அன்வரி பேகத்தின் புகுந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.