அன்னூரில் இல்லாத செடி

தொண்ணூறுகளில், கோவையில் உலர்ந்த செடிகளைப் பாதுகாக்கும் அலுவலகத்தில் நானும் ஒரு அம்மாவும் அவற்றின் குறிப்புச் சீட்டுகளைக் கணினியில் ஏற்றினோம். ஒல்லியானவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு செடி பறித்த ஒவ்வொரு ஊரின் பெயரையும் இரண்டு முறை வாய்விட்டுப் படிப்பார்.

ஒருநாள், மங்கிப்போயிருந்த ஊர்ப்பெயரை நான் அன்னூர் என்று ஊகித்து அடித்திருந்ததைக் கண்டுபிடித்தார். அதற்குள் அந்தப் பதிவு இருந்த பிளாப்பி டெல்லி அலுவலகத்துக்குப் போய்விட்டது.

“ஏனுங்க, இல்லாத செடிய இருக்குதுன்னு சொல்லிப்போட்டமுங்களே! யாராச்சும் தேடி அலைவாங்களே?” என்றார்.

“ஒரே ஒரு செடிதானுங்களே?”

“இத நம்பித்தானுங்க நாளைக்கு எல்லாரும் புத்தகம் எழுதுவாங்க.”

அன்றே, தவறு தன்னுடையது என்று டெல்லிக்குக் கடிதம் எழுதி அனுப்பினார். தபால்காரர் வரும் நேரமெல்லாம் வாசலையே பார்த்தார்.

மூன்றாம் வாரம் அவர் பெயருக்குக் கண்டித்து மெமோ வந்தது. படித்தார்; நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். “திருத்திட்டாங்களாமுங்க,” என்றார்.

தவறு என்னுடையது என்று நான் அப்போதும் டெல்லிக்கு எழுதவில்லை.