பை மாற்றும் நேரத்தில் வந்த விருந்தாளி

1. அரிசி களைந்த தண்ணீர்

பாண்டிச்செல்வி அந்தப் பையை வயர்கூடையில் வைத்து, மேலே துண்டு போட்டு மூடி, வேடசந்தூரிலிருந்து பஸ்ஸில் எங்கள் மருத்துவமனைக்குக் கொண்டு வந்திருந்தாள். அவள் கணவன் நாகராசு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தான். துண்டை விலக்கிப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. பைக்குள் இருந்தது அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்தது.

நான் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஹோம் டயாலிசிஸ் சிஸ்டராக இருந்தவள். இப்போது ஓய்வு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம், கோபம் மூக்கு மேல் நிற்கும் என்று வார்டில் எல்லோருக்கும் தெரியும். அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்டதும் இல்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகம் இரண்டும் ஓய்ந்துபோன குழந்தைக்கு வயிற்றில் மெல்லிய டியூப் ஒன்று வைப்போம். பையில் வரும் மருந்துத் தண்ணீரை அதன் வழியாக வயிற்றுக்குள் விட வேண்டும். சில மணி நேரம் அது உள்ளே இருந்து, உடம்பில் சேர்ந்த கழிவை இழுத்துக்கொள்ளும். பிறகு அதை வெளியே வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். நாங்கள் இதை எக்ஸ்சேஞ்ச் என்போம். வீடுகளில் ‘பை மாத்துறது’ என்பார்கள். ஒரு நாளைக்கு நாலு தடவை. பொங்கல், தீபாவளி, சாவு கேதம் என்று எதற்கும் லீவு கிடையாது.

டியூபின் மூடியைத் திறந்து பையோடு சேர்க்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான் ஆபத்து. அப்போது பிள்ளையின் வயிறு திறந்து போட்ட வீடு. அதனால்தான் கதவு, ஜன்னல் சாத்த வேண்டும், ஃபேனை நிறுத்த வேண்டும், மாஸ்க் போட வேண்டும், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்கிறோம். வடித்த பையை நியூஸ் பேப்பர் மேல் வைத்தால் அடியில் இருக்கும் எழுத்து படிக்கிற மாதிரி தெரிய வேண்டும். கலங்கலாக இருந்தால் வயிற்றுக்குள் கிருமி போய்விட்டது என்று அர்த்தம். அன்றைக்கு அந்தப் பைக்கு அடியில் தலைப்பு எழுத்துகூடத் தெரியவில்லை.

பிள்ளையின் பெயர் ஹரிணி. ஒன்பது வயது, பார்த்தால் ஆறு என்பார்கள். வயிற்றுவலியில் சுருண்டு கிடந்தவள் என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

“டியூப எடுத்துருவாங்களா சிஸ்டர்?”

“பேசாம படு” என்றேன். போர்வையை அவள் கழுத்துவரை இழுத்து விட்டேன்.

பை கலங்கியது அது இரண்டாவது தடவை. டாக்டர் அதிர்ந்து பேசாத மனிதர். புருஷன் பெண்சாதி இருவரையும் உட்காரவைத்து நிதானமாகச் சொன்னார். இன்னொரு தடவை இப்படி ஆனால் டியூபை எடுத்தே ஆக வேண்டும். பிறகு வாரத்துக்கு மூன்று நாள் மதுரைக்குப் போய் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும், அதுவும் இத்தனை சின்ன உடம்புக்கு லேசான காரியமில்லை. வேடசந்தூரிலிருந்து வாரம் மூன்று நாள் மதுரை என்றால் பள்ளிக்கூடத்தை மறந்துவிட வேண்டியதுதான். நாகராசுவின் மில் வேலையும் நிலைக்காது. பாண்டிச்செல்வி அழவில்லை. வயர்கூடையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

2. வாயில் இருக்கிற கிருமி

பைத் தண்ணீரில் என்ன கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் வந்தது. மனுசர் வாயில் குடியிருக்கிற கிருமி என்று போட்டிருந்தது. முதல் தடவை வந்ததும் அதே வகைதான். “மாஸ்க் போடுறதில்ல, வேற ஒண்ணும் இல்ல” என்றார் டாக்டர்.

நான் பாண்டிச்செல்வியைக் கூப்பிட்டு விளாசித் தள்ளிவிட்டேன். அவள் பிள்ளையின் தலையில் கை வைத்தாள்.

“எம்புள்ள மேல சத்தியமா மாஸ்க் போடாம டியூபத் தொட்டதே இல்ல சிஸ்டர்.”

எனக்கு அவளை நம்பாமலும் இருக்க முடியவில்லை. நான் பயிற்சி கொடுத்த அம்மாக்களில் அவளைப் போலக் கற்றுக்கொண்டவர்கள் குறைவு. நகத்தை ஒட்ட வெட்டி, வளையலைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தவள். சரி, வீட்டில்தான் என்னவோ நடக்கிறது, போய்ப் பார்த்துவிடலாம் என்று, பிள்ளை மருந்தில் தேறி வீடு திரும்பிய பிறகு ஒரு நாள் மதியம் கிளம்பினேன்.

மில் பஸ் திரும்புகிற இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை கொண்ட வீடு. வாசலை ஒட்டிய அறையில் மருந்துத் தண்ணீர் அட்டைப் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. கட்டிலும் பெட்டிகளும் போக ஒரு ஆள் நிற்க இடம் இருந்தது. ஹரிணி ஒரு பெட்டி மேல் நோட்டை வைத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பாண்டிச்செல்வியும் முன்பு அதே மில்லில் வேலை பார்த்தவள்தான். பிள்ளைக்கு டியூப் வைத்ததும் நின்றுவிட்டாள். தாய்மாமன் இறந்தபோது இரண்டு பைக்கு நடுவில் ஓடிப் போய் முகம் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். எடுக்கும்வரைகூட இருக்கவில்லை என்று பிறந்த வீட்டில் இன்னமும் குறை சொல்கிறார்களாம்.

சமையலில் உப்பு பேருக்குத்தான் இருந்தது. முதலில் ஹரிணிக்கு மட்டும் தனியாக வைத்திருக்கிறாள். பிள்ளை தன் தட்டை விட்டுவிட்டு அப்பா தட்டையே பார்க்கிறாள் என்று நாகராசுதான் எல்லோருக்கும் ஒரே சட்டியில் வைக்கச் சொன்னானாம். அந்த உப்பில்லாத குழம்பை எனக்கும் ஊற்றினார்கள்.  ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

3. தோளால் இறக்கிய மாஸ்க்

பை மாற்றும் நேரம் வந்தது. நான் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு பெட்டிகளில் சாய்ந்து நின்றேன். அவள் ஜன்னலைச் சாத்தினாள், ஃபேனை நிறுத்தினாள், மாஸ்க்கை மூக்குவரை இழுத்து விட்டாள், கையைக் கழுவினாள். ஒரு குறை சொல்ல முடியாது. கதவைச் சாத்தியிருந்தாள், தாழ்ப்பாள் மட்டும் போடவில்லை. டியூபின் மூடியைத் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்து வெளியே செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. யாரும் கூப்பிடவில்லை, தட்டவில்லை, கதவு தள்ளித் திறந்தது. நாகராசுவின் அக்கா பஞ்சவர்ணம். ஆத்தா இல்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவள், அடுத்த தெருவில் இருப்பவள். கையில் ஒரு சீப்பு சிறுமலை வாழைப்பழம். பொட்டாசியம் அதிகம் என்பதால் ஹரிணி தொடவே கூடாத பழம் அது என்பது வேறு விஷயம்.

பாண்டிச்செல்வி இரண்டு கையையும் டியூபிலிருந்து எடுக்கவில்லை. கை சுத்தமாக இருக்க வேண்டுமே! கழுத்தைச் சாய்த்து, தோளால் மாஸ்க்கைத் தேய்த்து முகவாய்க்கு இறக்கினாள். முகத்தைக் காட்டி, வாய் நிறையச் சொன்னாள்.

“வாங்க மதினி. உக்காருங்க.”

சொல்லிவிட்டு, அதே தோளால் மாஸ்க்கை மேலே ஏற்றிக்கொண்டாள். மூடி திறந்த டியூப் அவள் வாய்க்கு நேராக, ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

எனக்கு வந்ததே கோபம். அவளை என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத முடியாது. பஞ்சவர்ணத்தைப் பார்த்து வெளியே போகச் சொன்னேன். அவள் பழச் சீப்பை வாசற்படியில் வைத்தாள்.

“எந்தம்பி வீட்டுல என்னைய வெளிய போகச் சொல்ல இவ யாரு?” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகுதான் பாண்டிச்செல்வி விஷயத்தைச் சொன்னாள். டியூப் வைத்த புதிதில் ஒரு தடவை மதினி வந்தபோது இவள் மாஸ்க்கோடு தலையை மட்டும் ஆட்டியிருக்கிறாள். அவ்வளவுதான், வந்த கால் அப்படியே திரும்பிவிட்டது. வாசல் மிதித்தவளை வா என்று கேட்க நாதியில்லாத வீடு என்று சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் பேச்சு. பொங்கலுக்கும் வரவில்லை. நாகராசு சரியாகச் சாப்பிடாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே திரிந்திருக்கிறான். கடைசியில் இவள் போய்க் காலில் விழாத குறையாகக் கூட்டி வந்தாளாம். அதிலிருந்து யார் வந்தாலும் இப்படித்தான்.

“கை படாமத்தான சிஸ்டர் எறக்குனேன்” என்றாள்.

அவளுக்கு அது விதி மீறல் என்றே தோன்றவில்லை. கை படக்கூடாது என்பதற்காகத் தோளைப் பழக்கியிருக்கிறாள். மூஞ்சியை மூடிக்கொண்டு வாங்க என்று சொன்னால் அது சொன்னதாகுமா? நம் ஊரில் ஆகாது. கல்யாண வீட்டில் ஒரு ‘வாங்க’ விட்டுப்போனதற்காக வருஷக்கணக்கில் பேசாமல் இருக்கிற அண்ணன் தம்பிகள் என் குடும்பத்திலேயே உண்டு.

பிள்ளையை அன்றே திண்டுக்கல்லுக்குக் கூட்டி வந்தோம். வயிற்றுக்கு வெளியே டியூபில் மாட்டியிருக்கும் செட்டை மாற்றி, மருந்தும் போட்டோம். ஏற்கெனவே இரண்டு தடவை அடிபட்ட வயிறு. மருந்தைக் கிருமி முந்திக்கொண்டது. சில நாளில் பை மறுபடியும் கலங்கியது. டியூபை எடுத்துவிட்டார்கள்.

4. மெஷின் ரூமுக்கு வெளியே

மதுரையில் ஹரிணிக்குக் கழுத்தில் குழாய் வைத்தார்கள். விடியும் முன் பஸ், திரும்ப இருட்டிவிடும். பள்ளிக்கூடம் நின்றது. வாராவாரம் லீவு கேட்டு நாகராசு மில்லில் பேச்சு வாங்கினான். ஒரு நாள் பாண்டிச்செல்விக்குக் கடும் காய்ச்சல், அவனுக்கும் லீவு கிடைக்கவில்லை. நான் வெளியே போகச் சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டுப் படி ஏறாத பஞ்சவர்ணம்தான் பிள்ளையைக் கூட்டிப் போனாள்.

எங்களிடமிருந்து டிஸ்சார்ஜ் ஆகிப் போன பிள்ளைதானே என்று விட்டுவிட மனசில்லாமல் நானும் அன்று பார்க்கப் போயிருந்தேன். மெஷின் ரூமுக்கு வெளியே பெஞ்சில் பஞ்சவர்ணம் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி வழியாகப் பிள்ளை தெரிந்தாள், கழுத்துக் குழாயில் ரத்தம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. என்னைப் பார்த்தும் அவள் எழுந்திருக்கவில்லை. சண்டைக்கு வருவாள் என்றுதான் நினைத்தேன்.

“சிஸ்டர், ஒண்ணு கேக்கணும். மறைக்காமச் சொல்லணும். நான் அன்னைக்கு உள்ள வந்ததுனாலதான் புள்ளைக்கு இப்புடி ஆச்சா?”

பூசி மெழுக எனக்கு வராது.

“நீங்க வந்ததால இல்லம்மா. உங்கள வாங்கன்னு கேக்குறதுக்கு அவ மாஸ்க்க எறக்குனதால.”

அவள் கண்ணாடிப் பக்கம் திரும்பினாள்.

“ஒத்த வார்த்த” என்றாள். “ஒத்த வார்த்தைக்கா என் தம்பி மக இந்தப் பாடு படுது?”

பிறகு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அவள் மேல் இருந்த கோபம் முழுக்கப் போய்விட்டது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். 

வயிறு ஆறிய பிறகு டாக்டர் ஒரே ஒரு முறை முயற்சி செய்து பார்ப்போம் என்று புது டியூப் வைத்தார். பாண்டிச்செல்விக்கு மறுபயிற்சி கொடுத்தபோது, கூப்பிடாமலே பஞ்சவர்ணமும் வந்து பின்னால் உட்கார்ந்தாள். எல்லாம் முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அம்புட்டு நேரமும் யாரும் உள்ள போகக்கூடாது. இவளும் வாயத் தொறக்கக்கூடாது. அப்புடித்தான?”

அப்படித்தான் என்றேன்.

5. கடைசி விசிட்

ஓய்வு பெறும் வாரத்தில் நான் கவனித்துவந்த பிள்ளைகளின் வீடுகளையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தேன். வேடசந்தூர் வீட்டுக்குப் போனபோது கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் பஞ்சவர்ணம் உட்கார்ந்திருந்தாள். எனக்கு முன்னால் சைக்கிளில் வந்து இறங்கிய யாரோ உறவுக்காரரை, எழுந்து, முகம் மலர்ந்து, வாங்க என்று கேட்டு, தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தாள். அடுத்து என்னிடம் வந்தாள்.

“வாங்க சிஸ்டர். உள்ள பை மாத்துது. நான் வாங்கன்னு கேட்டா எந்தம்பி வீடே கேட்ட மாதிரி. செத்த நேரம் இப்புடி உக்காருங்க.”

நாலு பைக்கும் வருகிறாளாம். தன் வீட்டு வேலையைப் பைக்குத் தகுந்தபடி மாற்றிக்கொண்டாளாம். ஊரில் சொந்தக்காரர்கள் முதலில் சிரித்திருக்கிறார்கள், கதவைக் காக்கிறாள் என்று. “காக்கத்தான் செய்யிறேன்” என்றாளாம்.

ஹரிணிக்கு முழுசாகக் குணமாகிவிட்டது என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை. மாற்று சிறுநீரகத்துக்குக் காத்திருக்கிறாள். அது வரும்வரை இந்த வயிறு தாங்க வேண்டும், இந்த டியூப் நிற்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு மறுபடி போகிறாள். புது டியூப் வைத்த பிறகு பை ஒருமுறைகூடக் கலங்கவில்லை.

புதுப் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். கை கழுவ எல்லோரும் சொல்லிக்கொடுப்பீர்கள். அதோடு, அந்த வீட்டுக்கு யார் யார் வருவார்கள், யாரை வா என்று கேட்காவிட்டால் வம்பு வரும் என்று கேளுங்கள். அந்த ஆளையும் பயிற்சிக்குக் கூப்பிடுங்கள். நான் என் கடைசி சில மாதங்களில் அப்படித்தான் செய்தேன்.

அன்றைக்கு அந்த வாசலில் நான் சத்தமாகவே பேசினேன். என் குரல் பாண்டிச்செல்விக்கு நன்றாகத் தெரியும். கட்டில் கதவுக்கு அந்தப் பக்கம்தான். நான் மெதுவாகப் பேசினால்கூட அவளுக்குக் கேட்கிற தூரம். உள்ளே இருந்து ஒரு வார்த்தை வரவில்லை. எத்தனையோ வீடுகளில் என்னை வாங்க வாங்க என்று வரவேற்றிருக்கிறார்கள். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதை வேறு எங்கும் கிடைக்கவில்லை.